எத்திசையும் நகரும் சுமை வண்டி

சங்கத்தின் வரவு செலவுக் கணக்கில் நூல் விலைக்கு ஒரு பத்தி உண்டு. சாயத்துக்கு ஒரு பத்தி உண்டு. நெசவுக் கூலிக்கும், கடனுக்குச் செலுத்தும் வட்டிக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. ஆனால் வாசலில் வந்து இறங்கிய நூல் மூட்டை கிடங்கின் உள் மூலைக்குப் போய்ச் சேருவதற்கும், அங்கிருந்து மறுபடி வாசலுக்கு வருவதற்கும் ஆகும் பிரயாசைக்கு எந்தப் பத்தியும் இல்லை. அது யாரோ ஒருவருடைய முதுகின்மேல் எழுதப்படுகிறது. விவசாயிகளின் சங்கத்திலும் நிலைமை வேறன்று. நெல் மூட்டையும் உர மூட்டையும் நெடுந்தூரம் லாரியில் வந்த பின்னர், கடைசி நாற்பது அடியைத் தலைச்சுமையாகவே கடக்கின்றன.

இந்தக் கடைசி நாற்பது அடிக்காக உலகின் பல பாகங்களிலும் இன்று ஒருவகை வண்டியை உபயோகித்து வருகிறார்கள். அது முன்னே போகும், பின்னே வரும்; உடலைத் திருப்பாமலே பக்கவாட்டில் விலகும்; கோணலாகவும் செல்லும்; நின்ற இடத்திலேயே சுழலும். ஓட்டுபவர் இன்றித் தானே வழியறிந்து செல்லுமாறு அமைத்தால் அதனை ரோபோ வண்டி என்கிறார்கள். இத்தகைய வண்டி எவ்வாறு அமைகிறது, அது நம் சங்கங்களின் குறுகிய கிடங்குகளுக்கு ஏற்றதா, ஏற்றதாயின் எந்த நிபந்தனைகளின்மேல் ஏற்றது என்பனவற்றை அங்கத்தினர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிந்தாதிரிப்பேட்டை காட்டும் பாடம்

இவ்விஷயத்தைப் பேசத் தொடங்குவதற்குச் சென்னையிலுள்ள சிந்தாதிரிப்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். 1734ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில், சுங்குராமச் செட்டி என்னும் வணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றினர். நூற்போரும், நெய்வோரும், வெளுப்போரும், துணியில் சித்திரம் தீட்டுவோரும் அங்கே ஒருங்கே வாழ்ந்தனர். கம்பெனியின் கப்பல்களுக்குத் துணி வேண்டியிருந்தது. அத்துணி தொலைவிலிருந்து சுமையாக வராமல் கைக்கெட்டிய தூரத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். ஆக, சுமை தூக்கும் செலவைக் குறைக்க எழுந்த பேட்டை இது எனினும் தவறாகாது.

தறியின் ஓசை அங்கே ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. இன்று அதே தெருக்களில் கடைகளும், அச்சகங்களும், பட்டறைகளும், கிடங்குகளும், மீன் அங்காடியும் நெருங்கி நிற்கின்றன. ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு பல அறைகளாகப் பிரிந்து சரக்கு வைக்கும் இடமாகியிருக்கிறது. வாயில் குறுகியது, நடைவழி அதனினும் குறுகியது, நடுவே ஒரு படி. இத்தகைய இடத்தில் நாற்சக்கர வண்டியைத் திருப்புவது எவ்வளவு துன்பம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நம் சங்கக் கட்டடங்கள் பலவும் இவ்வாறே இருப்பதால் இந்தப் பேட்டையின் கஷ்டம் நமக்கு அந்நியமன்று.

இதே பேட்டையில் 1836ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனை நடந்தது. சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தின் அருகே சிறிது தூரத்துக்கு இருப்புப்பாதை போட்டார்கள். கல் ஏற்றிய வண்டியை அதன்மேல் வைத்துத் தள்ளினால், கையின் சிறு தள்ளலிலேயே அது நகர்ந்து சென்றது. மறு ஆண்டு, 1837இல், சாலை போடுவதற்கான செம்புறைக் கல்லைச் செங்குன்றத்திலிருந்து கொண்டுவரும் பாதை இயங்கத் தொடங்கியது. இந்திய மண்ணில் இருப்புப்பாதையின் வரலாறு இங்கிருந்தே ஆரம்பமாகிறது.

அந்தப் பரிசோதனையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே சக்கரம் புதிதன்று, தரையே புதிது. மேடுபள்ளமான மண்ணுக்குப் பதிலாக வழவழப்பான இரும்பைப் போட்டதும் சுமை எளிதாயிற்று. ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. தண்டவாளத்தில் ஏறிய வண்டி தண்டவாளம் போகும் திசையிலன்றி வேறெங்கும் போகாது. எத்திசையும் நகரும் வண்டியோ இதற்கு நேர் எதிரானது. அது திசைச் சுதந்திரத்தை முழுமையாகத் தருகிறது. அதற்கு ஈடாக எளிமையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. சுமை வண்டி அமைப்போர் எவரும் இந்த இரண்டுக்கும் நடுவில் தமக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்கிறவர்களே. இதனை மனத்தில் கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

சாதாரணச் சக்கரத்தின் குணம்

சாதாரணச் சக்கரம் தான் நோக்கும் திசையில் உருளும். பக்கவாட்டில் தள்ளினால் உராய்ந்து எதிர்க்கும். திருவாரூர்த் தேரைக் கண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நேர் வீதியில் ஆயிரம் கைகள் வடம் பிடித்தால் தேர் ஓடும். வீதி முனையில் திருப்ப வேண்டும்போது வடம் மட்டும் போதாது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட்டு, சிறிது சிறிதாக ஒதுக்கித்தான் தேரைத் திருப்புகிறார்கள். அதற்காகவே மாட வீதிகளை அகலமாக வைத்தார்கள் நம் முன்னோர். அகலம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதே இன்று நம்முன் உள்ள வினா.

தச்சரும் கருமாரும் இதற்குக் கண்ட முதல் விடை, தானே திரும்பும் சிறு சக்கரம். நாற்காலிகளின் காலிலும், மருத்துவமனைத் தள்ளுகட்டிலின் காலிலும் அதனைக் காணலாம். தள்ளும் திசைக்கு ஏற்ப அது சுழன்றுகொள்ளும். கையால் தள்ளும் வண்டிக்கு இது மிக நல்லது, மலிவானது. ஆனால் தள்ளும் திசையை மாற்றும்போதெல்லாம் நான்கு சக்கரங்களும் புரண்டு திரும்ப வேண்டியிருப்பதால், பாரம் ஏறிய வண்டி ஒரு கணம் தடுமாறி, நினைத்த கோட்டைவிட்டு விலகும். மேலும் இச்சக்கரத்துக்கு மோட்டார் பூட்டி ஓட்டுவது எளிதன்று.

உருளை பதித்த சக்கரம்

இரண்டாவது விடை, சக்கரத்தின் விளிம்பிலேயே சிறு உருளைகளைப் பதிப்பது. இவ்வகைச் சக்கரத்துக்கு 1919ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜே. கிராபோவீக்கி என்பவர் காப்புரிமை பெற்றிருக்கிறார். அதில் உருளைகள் சக்கரத்தின் சுற்றோட்டத்துக்குக் குறுக்காக உருளும். ஆகவே சக்கரம் முன்னே உருளும்போது சாதாரணச் சக்கரம் போலவும், பக்கவாட்டில் இழுக்கப்படும்போது எதிர்ப்பின்றியும் செல்லும். இத்தகைய சக்கரங்கள் மூன்றை முக்கோணமாக வைத்து, ஒவ்வொன்றையும் தனி மோட்டாரால் சுழற்றினால், வண்டி எத்திசையிலும் நகரும்.

பின்னர் ஸ்வீடன் நாட்டில் மெக்கானம் என்னும் கம்பெனியில் பணியாற்றிய பெங்ட் இலோன் என்ற பொறியாளர், உருளைகளைக் குறுக்காக வைக்காமல் 45 பாகைச் சாய்வில் வைத்தார். அதற்கு 1975ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கம்பெனியின் பெயராலேயே அது மெக்கானம் சக்கரம் என வழங்குகிறது. கப்பலின் நெருக்கமான உள்ளறைகளில் சரக்கை நகர்த்த அமெரிக்கக் கடற்படை இதில் நாட்டம் கொண்டது. இன்று ஜெர்மனியைச் சேர்ந்த கூகா நிறுவனம் இதே சக்கரங்கள் பூட்டிய பெரிய மேடைகளில் விமானத்தின் பாகங்களையே ஏற்றி நகர்த்துகிறது. இலோனின் காப்புரிமைக் காலம் முடிந்து பல்லாண்டுகளாயின. ஆதலால் இச்சக்கரத்தின் அடிப்படை அமைப்பை எவரும் தடையின்றிச் செய்யலாம் என்பதை அங்கத்தினர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாவும் ஊடையும் போல

இச்சக்கரம் இயங்கும் விதம் முதலில் மாயம் போலத் தோன்றும். உண்மையில் அது கூட்டல் கழித்தல் கணக்கே. வண்டியின் நான்கு மூலைகளிலும் நான்கு ஆட்கள் நிற்பதாகக் கொள்வோம். அவர்களில் எவருக்கும் நேராகத் தள்ளத் தெரியாது, கோணலாகவே தள்ளுவார்கள். முன் இடது மூலையிலும் பின் வலது மூலையிலும் நிற்பவர்கள் முன்னும் வலப்புறமுமாகச் சாய்த்துத் தள்ளுவார்கள். மற்ற இருவரும் முன்னும் இடப்புறமுமாகச் சாய்த்துத் தள்ளுவார்கள். நால்வரும் சேர்ந்து தள்ளினால் வலப்புறச் சாய்வும் இடப்புறச் சாய்வும் ஒன்றையொன்று கழித்துவிடும். முன்னே செல்லும் விசை மட்டும் மிஞ்சும். வண்டி நேரே போகும்.

இப்போது முதல் இருவரும் முன்போலவே தள்ள, மற்ற இருவரும் தம் போக்கை மாற்றிப் பின்னும் வலப்புறமுமாகத் தள்ளட்டும். முன் விசையும் பின் விசையும் கழிந்துபோகும். நால்வரின் வலப்புற விசையும் கூடும். வண்டி முகம் திருப்பாமலே வலப்புறம் நகரும். முதல் இருவர் மட்டும் தள்ளி, மற்றவர்கள் சும்மா நின்றால் வண்டி கோணலாகப் போகும். இடப்பக்கத்தார் முன்னும் வலப்பக்கத்தார் பின்னும் தள்ளினால் அது நின்ற இடத்திலேயே சுழலும். மெக்கானம் சக்கரம் நான்கும் இந்த நான்கு ஆட்களே. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார் உண்டு. எது முன்னே சுழல வேண்டும், எது பின்னே சுழல வேண்டும் என்பதைச் சிறு கணிப்பொறி ஒன்று கணந்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும்.

நெசவாளருக்கு இதில் புதுமை இல்லை. தறியில் துணி முன்னோக்கி வளர்கிறது. நாடாவோ குறுக்கே ஓடுகிறது. தறியைத் திருப்பி வைத்து எவரும் ஊடை போடுவதில்லை. பாவின் போக்கும் ஊடையின் போக்கும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி ஒரே சட்டத்தில் நிகழ்வது போலவே, இவ்வண்டியிலும் நீளப் போக்கும் குறுக்குப் போக்கும் ஒரே சட்டத்தில் நிகழ்கின்றன.

இடத்தில் கிடைக்கும் ஆதாயம்

இதனால் சங்கத்துக்கு என்ன லாபம்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 70 செ.மீ. நீளமும் 70 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தாழ்ந்த வண்டி. கால் வைத்த பலகைகளின்மேல் சரக்கை அடுக்கியிருக்கிறோம். வண்டி பலகையின் அடியில் நுழைந்து, அதனைச் சற்றே உயர்த்தி, எடுத்துச் செல்ல வேண்டும். நின்ற இடத்தில் சுழல மட்டும் தெரிந்த வண்டியானால், பலகையின் முன்னே நடைவழியில் ஒரு கால் வட்டம் திரும்பியாக வேண்டும். அப்போது அதன் மூலைக்கு மூலை அளவு 99 செ.மீ. ஆகும். இருபுறமும் கைவிரல் இடம் விட்டால் நடைவழி 110 செ.மீ. வேண்டும். பக்கவாட்டில் நகரும் வண்டிக்கோ திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. 80 செ.மீ. நடைவழி போதும்.

கிடங்கின் அகலம் 21 அடி, அதாவது 640 செ.மீ. என வைத்துக்கொள்வோம். பலகை வரிசை ஒன்றின் அகலம் 80 செ.மீ. என்றால், முதல் வண்டிக்கு வரிசையும் வழியுமாகச் சேர்ந்து 190 செ.மீ. ஆகும், மூன்று வரிசைகளே கொள்ளும். இரண்டாவது வண்டிக்கு வரிசையும் வழியும் 160 செ.மீ.; சரியாக நான்கு வரிசைகள் கொள்ளும். அதே கட்டடம், அதே கூரை, அதே வாடகை. சரக்கு மூன்றில் ஒரு பங்கு அதிகம். சிந்தாதிரிப்பேட்டை போன்ற இடங்களில் ஓர் அடி நிலத்துக்கு என்ன வாடகை என்பதை அறிந்தவர்கள் இதன் மதிப்பைத் தாமே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

சுதந்திரத்தின் விலை

இனி இழப்பின் பக்கத்தையும் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு கணக்காகாது.

முதலாவது, தரை. உருளைச் சக்கரம் தரையைத் தொடுவது ஒன்றிரண்டு உருளைகளால் மட்டுமே. வண்டியும் சுமையுமாக 200 கிலோ என்றால், ஒரு சிறு உருளையின்மேல் 50 கிலோ இறங்கும். 15 செ.மீ. குறுக்களவுள்ள சக்கரமாயினும், பக்கவாட்டில் போகும்போது தடையைச் சந்திப்பது விளிம்பிலுள்ள சிறு உருளையே. முன்னே செல்லும்போது எளிதாக ஏறிவிடும் ஒரு விரற்கடை மேடு, குறுக்கே செல்லும்போது வண்டியை நிறுத்திவிடும். கடப்பைக் கல் இணைப்பிலுள்ள பள்ளமும், சிமெண்டுத் தரையின் வெடிப்பும் இதற்குப் பகை. நான்கு சக்கரங்களில் ஒன்று தரையைவிட்டு எழும்பினால் நான்கு ஆட்களில் ஒருவர் கைவிட்டதற்கு ஒப்பாகும்; வண்டி கோணிக்கொண்டு போகும். ஆகவே சட்டத்தை இரு பகுதியாக்கி, முன் பகுதி நடுவில் ஓர் அச்சாணியில் ஆடும்படி அமைக்க வேண்டும். மூன்று சக்கரம் வைத்தால் இத்தொல்லை இல்லை. மூன்று அடுப்புக் கற்களின் மேல் வைத்த பானை ஆடுவதில்லை அல்லவா? ஆனால் மூன்று கால் வண்டி, சுமை ஒருபுறம் சாய்ந்தால் கவிழ்வதற்கு அதிக இடம் தரும்.

இரண்டாவது, நூல். இது நெசவுச் சங்கங்களுக்கே உரிய இடையூறு. பெரிய யந்திரசாலைகளுக்கு எழுதப்படும் விளக்கங்களில் இதற்கு இடம் இருப்பதில்லை. ஒரு சக்கரத்தில் 9 உருளைகள் என்றால் நான்கு சக்கரங்களில் 36 உருளைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள் என, 72 முனைகள். தரையில் கிடக்கும் அறுந்த இழையும் பஞ்சுத் தூசியும் அவற்றில் சுற்றிக்கொள்ளத் தவறா. சுற்றிய உருளை உருளாது. உருளாத உருளை தேயும். ஆகையால் உருளைகளின் முனைகள் மூடியிட்டவையாக இருத்தல் வேண்டும். சக்கரத்துக்கு முன் தரையைத் தொடும் துடைப்பான் ஒன்று வேண்டும். நாள்தோறும் மாலையில் இழைகளைக் களையும் வழக்கமும் வேண்டும்.

மூன்றாவது, அதிர்வும் விசை நஷ்டமும். உருளைக்கு உருளை தாவும்போது சிறு குலுக்கல் எழும். நூல் மூட்டைக்கு அதனால் கேடில்லை. ஆனால் சாயக் கரைசல் நிறைந்த பாத்திரத்தை அதில் ஏற்றலாகாது. மேலும் கோணல் விசைகளில் ஒரு பகுதி ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில் வீணாவதால், அதே சுமைக்குச் சாதாரண வண்டியைவிட அதிக மின்சாரம் செலவாகும். ஈரத்தரையில் உருளைகள் வழுக்குவதால், எத்தனை சுற்று சுற்றினோம் என்பதை மட்டும் எண்ணி வண்டி தன் இடத்தை அறிய முடியாது. அதனால்தான் பெரிய கிடங்குகளில் தரையில் ஒட்டிய குறிச்சீட்டுகளைப் பார்த்தும், ஒளிக்கதிர் வீசி அளந்தும் வண்டிகள் வழியறிகின்றன. சிறு கிடங்குக்குத் தரையில் ஒட்டிய காந்தப் பட்டையோ, தீட்டிய ஒரு கோடோ போதும்.

மாற்று வழிகள்

எத்திசையும் நகர உருளைச் சக்கரம் ஒன்றே வழி என்பதில்லை. சாதாரண ரப்பர்ச் சக்கரத்தையே எடுத்து, அதனை உருட்ட ஒரு மோட்டாரும், அது நோக்கும் திசையை மாற்ற இன்னொரு மோட்டாரும் வைக்கலாம். நான்கு சக்கரங்களையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்பினால் வண்டி பக்கவாட்டில் செல்லும். தரையில் இது நன்றாகப் பதியும். நூல் சுற்றும் முனைகளும் குறைவு. ஆனால் நான்கு சக்கரங்களுக்கு எட்டு மோட்டார்கள் ஆகும். இருபுறமும் இரண்டு மோட்டார்ச் சக்கரங்களும், மூலைகளில் தானே திரும்பும் சிறு சக்கரங்களும் வைப்பது எல்லாவற்றிலும் எளியது. அது பக்கவாட்டில் நகராது. நின்ற இடத்தில் சுழலும். உலகின் மிகப் பெரிய கிடங்குகளில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த எளிய இனத்தவையே என்பது கருதத்தக்கது. இடம் தாராளமாக உள்ளவர்களுக்கு உருளைச் சக்கரம் வேண்டுவதில்லை.

மோட்டாரின் பலத்தையும் கணக்கிட்டே வாங்க வேண்டும். யூரியா மூட்டை 45 கிலோ. மூன்று மூட்டை 135 கிலோ. வண்டியின் எடை 65 கிலோ எனில் மொத்தம் 200 கிலோ. சமதரையில் இதனை நகர்த்த எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு விசை, அதாவது 8 கிலோ எடைக்குச் சமமான தள்ளல், வேண்டும் எனக் கொள்வோம். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் ஏற வேண்டுமாயின் மேலும் 17 கிலோ வேண்டும்; ஆகக்கூடி 25 கிலோ. விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இதற்குச் சுமார் 120 வாட் ஆகும். பற்சக்கர நஷ்டத்துக்கும் உருளை நஷ்டத்துக்கும் சேர்த்து இரட்டிப்பாக வைத்தால் 240 வாட். அதாவது நான்கு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 60 வாட். நான்கும் சேர்ந்தாலும் ஒரு வீட்டு மிக்ஸியின் பலம்கூட ஆகவில்லை. சராசரி 100 வாட் வீதம் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓட, 24 வோல்ட், 20 ஆம்பியர் மணிப் பேட்டரி ஒன்று போதும். சரிவு ஒன்றே தேவையை மும்மடங்காக்கியதைக் கவனிக்க வேண்டும். தரையைச் சமமாக்கச் செலவிடும் பணம் மோட்டாரிலும் பேட்டரியிலும் திரும்பி வந்துவிடும்.

இந்த உறுப்புகளைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி, மவுண்ட் ரோட்டின் அருகிலுள்ள ரிச்சி தெருவிலும், நரசிங்கபுரம் தெருவிலும், மீரான் சாகிபு தெருவிலும் மோட்டாரும், பேட்டரியும், கட்டுப்பாட்டுப் பலகைகளும், உருளைச் சக்கரங்களும் கிடைக்கின்றன. பொறியியல் மாணவர்கள் தங்கள் ரோபோக்களுக்கு வேண்டியவற்றை அங்கேதான் வாங்குகிறார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. மாணவர் ரோபோக்களுக்கென விற்கும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள் சில கிலோ எடையையே தாங்கும். தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் மூட்டை சுமக்கும் சக்கரம் அதுவன்று. தாங்கும் எடையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வண்டி யாருடையது?

எல்லாவற்றினும் பெரிய வினா இனிமேல்தான் வருகிறது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய கிவா என்னும் கம்பெனி, கிடங்கு ரோபோக்களைச் செய்து பல வணிக நிறுவனங்களுக்கும் விற்று வந்தது. 2012இல் அமேசான் நிறுவனம் அக்கம்பெனியை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பின்னர் அந்த வண்டிகள் வெளியாருக்கு விற்கப்படவில்லை. நேற்றுவரை பலரும் வாங்கக்கூடியதாய் இருந்த கருவி ஒருவருக்கே உரியதாயிற்று. நம் நாட்டிலும் 2011இல் கிரேஆரஞ்சும், 2016இல் ஆட்வெர்பும் தோன்றி இத்துறையில் வளர்ந்தன. 2022இல் ஆட்வெர்பின் பெரும்பங்கை ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. இதனைக் குறையாகக் கூறவில்லை. ஆனால் கருவியின் உரிமை எங்கே போகிறது என்பதைக் கூட்டுறவாளர்கள் கண் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு புறம், இன்று மூட்டை தூக்குபவரின் கதி என்ன? வண்டி வந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அவரை இப்போதுள்ள நிலையிலேயே விட்டுவைப்பதும் தர்மமாகாது. வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967ஆம் ஆண்டின் பரிந்துரையில் கூறியது. நம் பஞ்சுப் பொதி ஒன்றின் எடையோ 170 கிலோ. உடலுழைப்புத் தொழிலாளரின் வேலை நிலைமையை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1982ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. சட்டம் இருந்தும் முதுகெலும்பு தேய்வது நிற்கவில்லை.

இதற்கு வழிகாட்டும் நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷாவைத் தமிழ்நாடு 1973ஆம் ஆண்டில் ஒழித்தது. அப்போது இழுத்தவர்களைத் தெருவில் விட்டுவிடவில்லை. அவர்களுக்கே சைக்கிள் ரிக்ஷாக்கள் வழங்கப்பட்டன. பளு குறைந்தது, பிழைப்பு போகவில்லை. கருவி மாறும்போது அதனைப் பழைய உழைப்பாளியின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சியின் சாரம். நம் சங்கத்திலும், மூட்டை தூக்கியவரே வண்டியைப் பழக்கி ஓட்டுபவராக வேண்டும். உருளைகளைத் துடைப்பதும், பேட்டரிக்கு மின்னேற்றுவதும், பழுது பார்ப்பதும் அவருக்குக் கற்பிக்கப்பட வேண்டும். அவர் ஊதியம் குறையலாகாது. இதற்குச் சம்மதமில்லாத சங்கம் இந்த வண்டியைத் தொடாதிருப்பதே நலம் என்பது நம் அபிப்பிராயம்.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. ஓட்டுநரற்ற தொழிற்சாலை வண்டிகளுக்கென ஐ.எஸ்.ஓ. 3691-4 என்னும் சர்வதேசத் தர விதி 2020இல் வெளியாயிற்று. சிறு சங்கம் அதன் ஒவ்வொரு பிரிவையும் கற்க இயலாவிட்டாலும் நான்கு விஷயங்களை வற்புறுத்தலாம். மனித நடையைவிட வேகம் குறைவாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் கைக்கெட்டும் சிவப்பு நிறுத்து பொத்தான் வேண்டும். ஆள் எதிர்ப்பட்டாலும் இடித்தாலும் உடனே நிற்கும் தடுப்பு வேண்டும். இவ்வண்டி பக்கவாட்டிலும் வருவதால் அத்தடுப்பு நான்கு புறமும் இருத்தல் அவசியம். மின்சாரம் நின்றதும் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

முதலில், ஒரு வார காலத்துக்குக் கிடங்கில் எத்தனை மூட்டை, எத்தனை எடை, எத்தனை அடி, எத்தனை முறை நகர்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வாயில்களையும் நடைவழிகளையும் படிகளையும் அளந்து எழுதுங்கள். இரண்டாவதாக, தரையைச் செப்பனிடுங்கள், படிக்குச் சரிவு கட்டுங்கள், வெடிப்பை அடையுங்கள். மூன்றாவதாக, தானே திரும்பும் நல்ல சக்கரங்கள் பூட்டிய கைவண்டி ஒன்றைச் செய்து பாருங்கள். இம்மூன்றுமே பல சங்கங்களின் கஷ்டத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அதன் பின்னும் இடமும் பளுவும் நெருக்கினால், நான்காவதாக, மோட்டார் பூட்டிய உருளைச் சக்கர வண்டியை எண்ணலாம். அதிலும் எடுத்த எடுப்பில் தானே ஓடும் ரோபோ வேண்டுவதில்லை. ஆள் கைப்பிடியைப் பிடித்து நடத்த, பளுவை மோட்டார் ஏற்கும் வண்டியே நமக்கு முதற்படி. அதன் குணம் பழகிய பிறகு வழியறியும் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சங்கத்துக்குத் தனியாக இயலாதது நான்கு சங்கங்களுக்குச் சேர்ந்து இயலும். 1904இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்ததும், 1935இல் கைத்தறி நெசவாளர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து கோ-ஆப்டெக்ஸ் உருவானதும் இந்த நியாயத்தின் மேல்தான். அருகிலுள்ள பாலிடெக்னிக் அல்லது பொறியியல் கல்லூரியின் துணையைக் கோரி, ஒரே மாதிரி வண்டியைச் சங்கங்கள் கூடிச் செய்துகொண்டால், வரைபடமும் உரிமையும் நம்மிடமே இருக்கும். வண்டி பழுதானால் வெளியார் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு அந்த ஒரு வார நோட்டைக் கொண்டுவரும்படி ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறோம். வண்டி வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த நோட்டு சொல்லும். எப்படியாயினும், கடைசி நாற்பது அடிக்கு ஆகும் உழைப்பு அன்று முதலாவது நம் கணக்கில் ஒரு பத்தியைப் பெறட்டும்.